பாம்பனில் இருப்பது இரண்டு ‘ப’

பாம்பன் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழில் இரண்டு இடத்திலும் ஒரே ப. ஆங்கிலத்தில் முதல் ப-வுக்கு ஓர் எழுத்து, ம்-முக்குப் பிறகு வரும் ப-வுக்கு வேறோர் எழுத்து. வாய்விட்டுச் சொன்னால் காரணம் புரியும். முதலாவது உதட்டை வெடித்துக்கொண்டு வருகிறது, இரண்டாவது மெத்தென்று தொண்டையிலிருந்து வருகிறது. சங்கில் வரும் கு, நண்டில் வரும் டு, பந்தில் வரும் து எல்லாம் இந்த ரகம்தான். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் தமிழில் தானாகவே மெலிந்துவிடும். நாக்குக்கே தெரிந்திருப்பதால் அதற்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில விடைத்தாளில் வரும் ஸ்பெல்லிங் பிழைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் புறப்படுகிறது. சோம்பலாலோ கவனக்குறைவாலோ வருவதில்லை. பிள்ளை காதில் கேட்டதைத் தமிழ்க் கணக்கில் சரியாகத்தான் எழுதுகிறது. காரணம் தெரியாமல் திட்டினால் அதே பிழை அடுத்த தேர்விலும் வரும். காரணம் தெரிந்தால் இரண்டு வாரத்தில் போய்விடும்.

மேலே போவதற்குள் ஒரு வசதி செய்துகொள்வோம். ஆங்கிலத்தில் ‘டி’ என்று தமிழில் எழுதப்படும் எழுத்து இரண்டு உண்டு, ‘பி’யும் இரண்டு. டீக்கடையில் வரும் டீ-யின் முதல் எழுத்தை டீக்கடை டி என்றும், படகுக்கு ஊற்றும் டீசலின் முதல் எழுத்தை டீசல் டி என்றும் சொல்கிறேன். அதேபோல பேப்பர் பி, போட் பி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் இந்தப் பெயர்களே உதவும். எழுத்தின் பெயரை மட்டும் சொன்னால் எது என்று அவர்களுக்கும் தெரியாது.

இனி விடைத்தாளுக்கு வருவோம். ‘ஸ்டூடன்ட்’ கடைசியில் டீக்கடை டி வர வேண்டும். நண்டு போலக் கேட்பதால் டீசல் டி போடுகிறார்கள். ‘வென்ட்’, ‘இம்பார்டன்ட்’ இரண்டுக்கும் இதே கதி. ‘கம்பெனி’, ‘சிம்பிள்’ இரண்டிலும் பேப்பர் பி. பாம்பன் போலக் கேட்பதால் போட் பி எழுதப்படுகிறது. ‘பேங்க்’, ‘டேங்க்’ கடைசியில் கே. சங்கு போலக் கேட்பதால் ஜி விழுகிறது. ‘திங்க்’ என்று எழுத நினைத்து ‘திங்’ என்ற வேறு சொல்லையே எழுதிவிடுவார்கள். அப்போது வாக்கியத்தின் பொருளும் மாறிவிடும்.

சோதனை எளிது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் நான்கு விரல்கடை தள்ளிப் பிடித்து ‘பேப்பர்’ என்றும் ‘போட்’ என்றும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் கையில் காற்று அடிக்கும். இரண்டாவதில் அடிக்காது, தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். டீ–டீசல், கோட்டு–ஆட்டுக்கான ‘கோட்’ என்று ஜோடி ஜோடியாகப் பத்து நிமிடம் போதும். சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே கை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ம், ன், ங் ஒலிக்குப் பின்னால் வரும் இடத்தில் காதை நம்ப முடியாது. அங்கே கண்ணால் பார்த்துக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதனால்தான் பாடப்புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைக்கும் பழக்கத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடுங்கள் என்கிறேன். படிக்க உதவுகிறது என்பது உண்மை. ஆனால் பிள்ளையின் கண் தமிழ் வரியிலேயே போகிறது, கீழே உள்ள ஆங்கில எழுத்தின் உருவம் மனத்தில் பதிவதே இல்லை. தேர்வில் அந்தத் தமிழ் வரி நினைவுக்கு வரும், அதைத் திருப்பி ஆங்கிலமாக்கும்போது ப எந்த பி என்று தெரியாமல் போகும்.

அடுத்த பிழை இரட்டை எழுத்து. இதுவும் தமிழ் கொடுக்கும் பழக்கம்தான். தமிழில் உயிருக்கு நடுவே வல்லினத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும்: படு வேறு, பட்டு வேறு. அதனால் ‘பேப்பர்’, ‘வாட்டர்’, ‘ஹோட்டல்’, ‘லிமிட்டட்’, ‘ரைட்டிங்’ என்று தமிழில் எழுதுகிறோம். பிள்ளை அந்த இரட்டிப்பை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. ஆங்கிலத்தில் இந்த ஐந்திலும் அந்த இடத்தில் ஒற்றை எழுத்துதான். ‘ரைட்டிங்’ என்பதில் இரண்டு டீக்கடை டி போடாத நோட்டைப் பார்ப்பது அரிது.

ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து காதுக்குக் கேட்காது. அது தனக்கு முன்னால் நிற்கும் உயிர் குறில் என்று காட்டும் அடையாளம். ‘ரைட்டிங்’ ஒற்றை டி, ‘ரிட்டன்’ இரட்டை டி: ரை என்று ஐ ஒலித்தால் ஒன்று, ரி என்று இ ஒலித்தால் இரண்டு. ‘டைனிங்’ ஒற்றை என், ‘டின்னர்’ இரட்டை என். நம்பிக்கைக்கான ‘ஹோப்பிங்’ ஒற்றை பி, நொண்டிக் குதிப்பதற்கான ‘ஹாப்பிங்’ இரட்டை பி. இந்த மூன்று ஜோடியையும் அருகருகே எழுதி வைத்துவிட்டால் விதி தானே விளங்கும்.

‘இங்’, ‘எட்’ சேர்க்கும்போது இரட்டிப்பதற்கான விதியும் இதன் தொடர்ச்சிதான். ஓரசைச் சொல், கடைசியில் ஓர் உயிர் எழுத்து, அதன்பின் ஒரு மெய் எழுத்து என்று முடிந்தால் மெய் இரட்டிக்கும்: ‘ஸ்விம்’ – ‘ஸ்விம்மிங்’, ‘ஸ்டாப்’ – ‘ஸ்டாப்ட்’. ‘ரெயின்’ இரட்டிக்காது, அதில் உயிர் எழுத்து இரண்டு. ‘ஹெல்ப்’ இரட்டிக்காது, அதில் மெய் இரண்டு. ஈரசைச் சொல்லானால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ‘பிகின்’, ‘அக்கர்’, ‘ரிஃபர்’ மூன்றிலும் இரண்டாவது அசையில் அழுத்தம், ஆகவே ‘பிகினிங்’கில் இரண்டு என், ‘அக்கர்ட்’, ‘ரிஃபர்ட்’ இரண்டிலும் இரண்டு ஆர். ‘ஓபன்’, ‘விசிட்’ இரண்டிலும் முதல் அசையில் அழுத்தம், ஆகவே இரட்டிப்பு இல்லை. எல்-லில் முடியும் ‘டிராவல்’ மட்டும் நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் அழுத்தம் பார்க்காமல் இரட்டிக்கும். கைப்பேசி அமெரிக்க முறையில் வைக்கப்பட்டிருந்தால் ‘டிராவல்ட்’, ‘கலர்’, ‘சென்டர்’ மூன்றுக்கும் நம் பாடநூலில் இல்லாத ஸ்பெல்லிங்கைக் காட்டும். கைப்பேசியை நம்பி நோட்டைத் திருத்த வேண்டாம்.

விதிக்குள் அடங்காத சிலவற்றுக்கு ஒரு படம் போதும். ‘நெசசரி’: ஒரு படகு, இரண்டு துடுப்பு, அதாவது ஒரு சி, இரண்டு எஸ். ‘அகாமடேஷன்’: விடுதி அறையில் எல்லோரும் இருவர் இருவராக; இரண்டு சி, இரண்டு எம். பிள்ளை தானே உண்டாக்கிய படமானால் இன்னும் நன்றாக நிற்கும்.

ஒலிக்காத எழுத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள். அவற்றைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் ‘ஐலண்ட்’ என்பதில் எஸ்-ஸை விட்டுவிடுகிறார்கள். அந்த எஸ்-ஸுக்கு ஒலி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் கிடையாது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக எண்ணிப் பிற்காலத்தில் செருகிவிட்டார்கள். கடனுக்கான ‘டெட்’ என்பதில் உள்ள போட் பி-யும் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகச் செருகப்பட்டதுதான். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ஆர்வமாகக் கேட்டுக்கொள்ளும், மறக்காது.

இந்த வகைக்கு நல்ல மருந்து, எழுதும்போது மட்டும் மனத்துக்குள் வேண்டுமென்றே தப்பாக உச்சரிப்பது. ‘ஐஸ்-லேண்ட்’, ‘வெட்-நெஸ்-டே’, ‘கவர்ன்-மென்ட்’, ‘என்விரான்-மென்ட்’, ‘லிஸ்-டென்’, ‘ரிசீப்-ட்’. வாயால் பேசும்போது சரியான உச்சரிப்பு, கை எழுதும்போது இந்த உச்சரிப்பு. இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதில்லை.

மங்கிப்போன உயிரொலிதான் கடினமான வகை. ‘செபரேட்’ நடுவில் ஏ-வா இ-யா, ‘கிராமர்’ கடைசியில் ஏ-வா இ-யா என்பது காதுக்குத் தெரியவே தெரியாது. அங்கே அந்தச் சொல்லின் உறவுக்காரரைக் கூப்பிடுங்கள். ‘கிராமர்’ மங்கலாக இருக்கிறதா? ‘கிரமேட்டிக்கல்’ என்று சொல்லிப் பாருங்கள், ஏ தெளிவாக வெளியே வரும். ‘டெஃபினிட்’ சந்தேகமா? அதற்குள் ‘ஃபைனைட்’ இருக்கிறது. ‘சைன்’ என்பதில் ஜி உண்டா என்றால் ‘சிக்னேச்சர்’ சொல்லிவிடும். இந்த உறவு சில இடத்தில் ஏமாற்றவும் செய்யும்: ‘ப்ரொனவுன்ஸ்’ என்பதில் உள்ள ஓ-யு, ‘ப்ரொனன்சியேஷன்’ ஆகும்போது வெறும் யு. ‘மெயின்டெயின்’, ‘மெயின்டனன்ஸ்’ ஆகும்போது ஏ-ஐ போய் இ வரும். இந்த இரண்டையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ-இ, இ-ஐ குழப்பத்துக்கு ‘ஐ முன்னால், இ பின்னால்; சி-க்குப் பிறகு மட்டும் மாறும்’ என்று சொல்லப்படும் விதி ஈ என்ற நெடில் ஒலிக்கு மட்டும் பொருந்தும். ‘பிலீவ்’, ‘ஃபீல்ட்’, ‘பீஸ்’ ஐ-இ. சி-க்குப் பின்னால் ‘ரிசீவ்’, ‘சீலிங்’, ‘ரிசீப்ட்’ இ-ஐ. ‘சீஸ்’, ‘ப்ரோட்டீன்’ இரண்டும் விதியை மீறும். ‘நெய்பர்’, ‘தெயர்’ போன்றவற்றில் ஒலியே வேறு, அங்கே இந்த விதியைக் கொண்டுபோகக் கூடாது.

இனி பயிற்சி. ஒரு சொல்லைப் பத்துத் தடவை எழுதும் இம்போசிஷனால் பயன் இல்லை. பிள்ளை எழுதுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து வரியிலும் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டு, பிறகு இரண்டாவது எழுத்து, பிறகு மூன்றாவது என்று போகும். கை வலிக்கும், சொல் ஒருமுறைகூட முழுதாக மனத்தில் உருவாகியிருக்காது.

அதற்குப் பதில் ஒரு நோட்டில் பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் சொல், பாடநூலைப் பார்த்துச் சரியாக. பிழை விழும் எழுத்தை மட்டும் சிவப்பில். பத்து விநாடி பார்த்துவிட்டு அட்டையால் மறைத்து இரண்டாவது பத்தியில் எழுத வேண்டும். திறந்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தப்பானால் அடித்துத் திருத்தாமல் முழுச் சொல்லையும் மறுபடி எழுத வேண்டும். மூன்றாவது பத்தி மறுநாளுக்கு, நான்காவது ஒரு வாரம் கழித்து. இரண்டு முறையும் முதல் பத்தியை மறைத்துத்தான். நாளுக்கு 8 சொல், 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். 15 சொல் கொடுத்தால் மறுநாள் பாதி காணாமல் போயிருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுகிறது. விசைப்படகு கரையில் நிற்கும் அந்த எட்டு வாரத்தில், வாரம் ஐந்து நாள் புதுச்சொல், இரண்டு நாள் பழையது என்று போனால் 320 சொல் கைக்குள் வந்துவிடும். சொற்களைக் கடையில் விற்கும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பிள்ளையின் கடைசி மூன்று தேர்வுத் தாள்களில் சிவப்பு மை விழுந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றை மேலே சொன்ன வகைகளாகப் பிரித்தால் எந்த வகை அதிகம் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

டிக்டேஷன் போட அக்காவோ ராத்தாவோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை. அகராதிச் செயலியில் சரியான உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, பிள்ளையே தன் குரலில் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். சொல், அது வரும் ஒரு சிறு வாக்கியம், மறுபடி சொல், பிறகு பத்து விநாடி இடைவெளி. இரண்டு நாள் கழித்து அதைப் போட்டுக் கேட்டு எழுத வேண்டும். வாக்கியம் கட்டாயம் வேண்டும். வானிலைக்கான ‘வெதர்’, ‘ஆமா இல்லையா’ என்று கேட்கும் ‘வெதர்’ இரண்டும் காதுக்கு ஒன்றேதான். ‘சேல்’, ‘டைட்’, ‘சீ’ இவற்றுக்கும் அப்படி இரண்டிரண்டு முகம்.

பத்தி படித்து விடை எழுதும் பகுதிக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தாளில் இதற்கு 8 மதிப்பெண். கடலோரக் காவல்படையின் நாவிக் (மாலுமி) பொதுப்பணித் தேர்வில் முதல் பிரிவு 60 கேள்வி, 45 நிமிடம், அதில் ஆங்கிலம் 15. மண்டபத்திலும் உச்சிப்புளியிலும் சீருடையைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் அந்தப் பதினைந்தைத்தான் பயந்து விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, தப்புக்கு அரை மதிப்பெண் கழிவு.

இங்கும் தடையாக இருப்பது அதே காதுதான். பிள்ளை பத்தியைத் தடங்கல் இல்லாமல் சத்தமாகப் படிக்கிறது, நமக்கும் மகிழ்ச்சி. படித்து முடித்ததும் யார் என்ன செய்தார் என்று தமிழில் கேட்டால் பதில் இல்லை. ஒலியாக மாற்றுவதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது. ஆகவே பயிற்சியில் வாய் மூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார், என்ன செய்தார் என்று இரண்டு இடத்தில் மட்டும் அடிக்கோடு. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயைத் தொட்டுக்கொண்டே வந்துவிடும், பிறகு வால் நீளும். கடைசிவரை காத்திருந்து பழகிய நம் மனம் அதற்குள் எழுவாயைத் தொலைத்துவிடுகிறது.

பாம்பன் ரயில் பாலம் பற்றி ஒரு பத்தி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 1914-இல் திறக்கப்பட்டது, 1964 டிசம்பர் புயலில் சேதமடைந்தது, சீரமைக்க ரயில்வே 6 மாதம் இலக்கு வைத்தது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் முடிந்தது. கப்பல் போக நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து திறக்கும்படி இருந்தது. கேள்வி ‘ஹவ் லாங் டிட் இட் டேக்’ என்றால் 46 நாள். ‘ஹவ் மச் டைம் வாஸ் கிவன்’ என்றால் 6 மாதம். எண்ணைக் கண்டதும் தாவி எழுதுபவர்கள் இங்கே விழுவார்கள். கேள்வியின் வினைச்சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத்தான் பத்திக்குள் போக வேண்டும்.

நம் கரைப் பிள்ளைகளுக்கு இந்தப் பத்தியில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டதும், அதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புவதும் அவர்களுக்குத் தெரியும். பத்தி பழைய பாலத்தைப் பற்றியது. அந்தப் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து திறந்தது. தெரிந்ததை எழுதினால் விடை தப்பு. நான்கு விடைகளில் ஒன்று உலகத்தில் உண்மையாகவும் பத்தியில் இல்லாததாகவும் இருக்கும். எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத விடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ‘ஒன்லி’, ‘ஆல்’, ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ இருக்கும் விடையைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள். ‘ஃபியூ’ என்றால் அநேகமாக இல்லை, ‘எ ஃபியூ’ என்றால் சில இருக்கிறது. ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ ஒளிந்திருக்கிறது. ‘ஹார்ட்லி’ என்றால் ‘கடினமாக’ அல்ல, ‘அநேகமாக இல்லை’.

எழுத்துத் தேர்வில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் விடை தெரியாததால் அல்ல. விடை இருக்கும் வரியோடு முன்னும் பின்னும் மூன்று வரியை அப்படியே அள்ளி எழுதுவது, பத்தியில் உள்ள ‘இட்’, ‘ஹி’ என்பதை யார் என்று மாற்றாமல் விடுவது, கேள்வி இறந்தகாலத்தில் ‘டிட்’ என்று கேட்க நிகழ்காலத்தில் பதில் எழுதுவது, இந்த மூன்றினால்தான். கண்முன்னே அச்சில் இருக்கும் சொல்லையே தப்பாக எழுதுவதும் உண்டு. அந்த மதிப்பெண் போவதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை. விடையை எழுதியதும் பத்தியிலிருந்து எடுத்த ஒவ்வொரு சொல்லையும் அச்சோடு ஒத்துப் பாருங்கள்.

பயிற்சிக்குப் பத்தி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர் எச்சரிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. ‘ஸ்குவாலி விண்ட்’ (சூறாவளிக் காற்று) மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், ‘கஸ்டிங் டு’ (இடையிடையே) 65, மன்னார் வளைகுடாவில் ‘லைக்லி டு ப்ரிவெயில்’ (வீசக்கூடும்). மீனவர்கள் கடலுக்குள் ‘வென்ச்சர்’ பண்ண வேண்டாம் என்று ‘அட்வைஸ்ட்’. பொருள் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரியும், மொழியை மட்டும் கவனித்தால் போதும். முதலில் ஆங்கிலத்தைப் படித்து மூன்று கேள்விக்கு விடை எழுதட்டும். அதிகபட்ச வேகம் எவ்வளவு? 55 அல்ல, 65. காற்று வீசுவது உறுதியா? இல்லை, ‘லைக்லி’ என்றால் வாய்ப்பு உண்டு என்றுதான். போகக் கூடாது என்று சட்டமா, ஆலோசனையா? ‘அட்வைஸ்ட்’ ஆலோசனை, அதன் வினைக்கு எஸ், பெயர்ச்சொல்லுக்கு சி. பிறகு தமிழ் அறிக்கையை எடுத்துத் தானே சரிபார்த்துக்கொள்ளும், திருத்த ஆளே தேவையில்லை. வாரத்துக்கு மூன்று அறிக்கை போதும். அறிக்கைகளின் வாக்கியங்கள் ஒரே அச்சில் வருவதால் ஒரு மாதத்தில் பழகிவிடும். அதன்பின் ஆங்கில நாளிதழில் 150 சொல்லுக்கு மிகாத செய்திக்கு மாறுங்கள்.

தேர்வு அறையில் பத்திக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். கேள்விகளைப் படிக்க 2, பத்தியை நிற்காமல் ஒருமுறை படிக்க 3, பென்சிலோடு இரண்டாம் முறை 4, எழுத 5, ஒத்துப் பார்க்க 1. தெரியாத சொல் வந்தால் முதல் வாசிப்பில் தாண்டிப் போய்விட வேண்டும், அந்தச் சொல்லைக் கேள்வி தொட்டால் மட்டும் திரும்பி வந்து முன்பின் வரியைப் பார்க்கலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் முழு விடைத்தாளையும் ஸ்பெல்லிங்குக்காகப் பார்க்கும்போது வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். முன்னோக்கிப் படித்தால் மனம் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். பின்னோக்கிப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும், ‘ஸ்டூடன்ட்’ கடைசியில் நிற்பது டீக்கடை டி-யா டீசல் டி-யா என்பது கண்ணில் படும்.